அந்த வீட்டை எந்த ஆண்டில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: "அமெரிக்கா என்ற நாட்டுக்கே 250 வயதுதான். அங்கே பழைய வீடு, சரித்திரக் கட்டடம் என்று டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். அவற்றில் உண்மையிலேயே பழையது எது, பின்னாளில் கட்டி வைத்தது எது? கிழக்குப் பகுதிக்குப் போகிறவர்கள் எவற்றைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம்?"

முதலில் அந்த 250-ஐச் சரிசெய்துவிடலாம். 1776-இல் சுதந்திரப் பிரகடனம் வெளியானதிலிருந்து எண்ணும் கணக்கு அது. வீடுகள் அதற்கு வெகு முன்பே எழுந்துவிட்டன. ஃபுளோரிடாவில் செயின்ட் அகஸ்டின் நகரை ஸ்பானியர்கள் 1565-இல் நிறுவினார்கள். ஆங்கிலேயர்கள் 1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் கோட்டை போட்டார்கள். சான்டா ஃபேயில் ஸ்பானிய ஆளுநர் மாளிகை 1610 வாக்கில் மண் கட்டடமாக எழுந்தது. நியூ மெக்சிகோவின் தாவோஸ் புவெப்லோவில் பூர்வகுடி மக்கள் அடுக்கடுக்காக எழுப்பிய மண்வீடுகள் இவை எல்லாவற்றுக்கும் மூத்தவை. பிரகடனத்தில் கையெழுத்து விழுந்தபோது மாசசூசெட்ஸில் சில மரவீடுகளுக்கு நூறு வயது தாண்டியிருந்தது.

"எது அசல்" என்பதுதான் சிக்கலான பாதி. மூன்று நூறு ஆண்டு நின்ற எந்த வீடும் கட்டியபடியே இருப்பதில்லை. ஒரு தலைமுறை பின்பக்கம் ஓர் அறை சேர்க்கும், அடுத்தது ஜன்னலை மாற்றும், இன்னொன்று மாடி எழுப்பும். பிறகு ஒரு நாள் அது அருங்காட்சியகமாகிறது. அப்போது யாரோ உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள், இந்த வீட்டை எந்த ஆண்டின் தோற்றத்தில் காட்டுவது என்று. அந்த ஆண்டுக்குப் பின் வந்ததெல்லாம் கழற்றப்படும். அதற்கு முன் இருந்து அழிந்தது திரும்பக் கட்டப்படும். அமெரிக்காவின் பழைய வீடுகளைப் பார்க்கப் போகிறவர்கள் கட்டிய ஆண்டைக் கேட்பதோடு இந்த நிறுத்திய ஆண்டையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எதை வைத்தார்கள், எதை எடுத்தார்கள், யாருடைய வாழ்க்கை அதோடு போயிற்று என்பதெல்லாம் அந்த ஒரு கேள்வியிலிருந்து வெளியே வரும்.

மரவீட்டிலிருந்து தொடங்குகிறேன். பாஸ்டனுக்குத் தென்மேற்கே டெடம் என்ற ஊரில் ஃபேர்பேங்க்ஸ் வீடு இருக்கிறது. வட அமெரிக்காவில் இன்னும் நிற்கும் மரச்சட்டக வீடுகளில் மிகப் பழையது. அதன் வயது வாய்வழிச் செய்தியாக வந்ததன்று. ஓக் உத்தரங்களில் மெல்லிய துளையிட்டு மாதிரி எடுத்து, ஆண்டு வளையங்களின் அகலத்தை அந்த வட்டாரத்து மரங்களின் வளைய வரிசையோடு பொருத்திப் பார்த்தார்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் வளையம் அகலமாக விழும், வறட்சியில் குறுகும். அந்த அகலங்களின் வரிசை ஒரு வட்டாரத்து மரங்களுக்கெல்லாம் பொதுவாக இருக்கும். அப்படிக் கிடைத்த கணிப்பு 1637 முதல் 1641 வரை. பட்டையை ஒட்டிய கடைசி வளையம் சிதையாமல் இருந்தால் மரத்தை வெட்டிய பருவத்தைக்கூடச் சொல்லிவிட முடியும். கடந்த சில பத்தாண்டுகளில் இந்த முறையால் நியூ இங்கிலாந்தின் பல வீடுகள் தம் பலகையில் எழுதியிருந்த வயதை இழந்தன. ஊர்ப்பெருமைக்காகச் சேர்த்துச் சொன்ன முப்பது, நாற்பது ஆண்டுகள் கழிந்துபோயின. ஃபேர்பேங்க்ஸ் வீடு அந்தச் சோதனையில் தேறியது.

உள்ளே போனால் மேலே பார்க்க வேண்டும். தூண்களும் விட்டங்களும் கூடும் இடங்களில்தான் வீட்டின் உயிர் இருக்கிறது. ஒரு மரத்தில் துளை குடைந்து, மற்றதன் முனையை நாக்குப்போல் செதுக்கி உள்ளே செருகி, குறுக்கே மர ஆணி அடித்திருப்பார்கள். சட்டகத்தை இரும்பு தாங்கவில்லை. மரம் பச்சையாக இருக்கும்போதே செதுக்கிப் பொருத்துவார்கள், காயக் காய மூட்டு இறுகும். வீட்டின் நடுவே ஒரே பெரிய செங்கல் புகைபோக்கி, அதைச் சுற்றி அறைகள். மாசசூசெட்ஸின் குளிரில் அடுப்பின் சூடு நான்கு பக்கமும் பரவ அதுதான் வழி. ஜன்னல்கள் சிறியவை, ஏனென்றால் கண்ணாடி கப்பலில் வர வேண்டியிருந்தது.

அந்த வீடு பிழைத்த காரணம் எளியது. ஒரே குடும்பத்தின் எட்டுத் தலைமுறையினர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அதிலேயே வாழ்ந்தார்கள். தேவைக்குத் தேவை பக்கத்தில் ஒட்டுக்கட்டடம் சேர்த்தார்களே தவிர நடுவீட்டை இடிக்கவில்லை. கூரையின் முதுகு இன்று நடுவில் தொய்ந்து கிடக்கிறது. அதை நிமிர்த்தாமல் விட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

வர்ஜீனியாவுக்கு இறங்கினால் கதை மாறும். அங்கே களிமண் நிறைய, கடற்கரையில் சுண்ணாம்புக்கல் இல்லை. ஆகவே சிப்பி ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு அரைத்த கிளிஞ்சல் சுண்ணாம்பும் இதுவும் ஒரே வேலைதான். பழைய வர்ஜீனியச் சுவர்களில் கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லிடைச் சாந்தில் சிப்பித் துணுக்கு வெள்ளையாகத் தெரியும். ஆர்தர் ஆலன் என்பவர் 1665-இல் சர்ரி (Surry) என்ற மாவட்டத்தில் கட்டிய செங்கல் மாளிகை இன்னும் நிற்கிறது. வளைந்து வளைந்து ஏறும் முகப்புச் சுவரும், மூலைவாட்டில் திருப்பி வரிசையாக நிறுத்திய மூன்று புகைபோக்கிகளும் அதன் அடையாளம். பேக்கன்ஸ் காசில் என்று பெயர், ஆனால் நத்தானியேல் பேக்கன் அங்கே வாழ்ந்தவர் இல்லை. ஆளுநருக்கு எதிராக அவர் நடத்திய 1676 கலகத்தின்போது அவருடைய ஆட்கள் வீட்டைக் கைப்பற்றிச் சில மாதம் வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர் மங்கி, கலகக்காரர் பெயர் நிலைத்துவிட்டது.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேக்கன்ஸ் காசிலைப் பார்த்துவிட்டு "அக்கால வர்ஜீனியர் இப்படித்தான் வாழ்ந்தார்கள்" என்று நினைத்துவிடக் கூடாது. பெரும்பாலானவர்களின் வீடு அடித்தளமே இல்லாதது. கம்பத்தை நேராக மண்ணில் நட்டு, மேலே பலகை அடித்த வீடு. ஈரமும் கரையானும் சேர்ந்து ஒரு தலைமுறைக்குள் அடிக்கம்பத்தைத் தின்றுவிடும். இன்று அவற்றைப் பார்க்க வேண்டுமென்றால் தொல்லியலாளர் தோண்டிய குழியில் வட்ட வட்டமாக நிறம் மாறிய மண்ணைத்தான் பார்க்க முடியும். அந்த மண் கறை எவ்வளவு சொல்லும் என்பதற்கு ஜேம்ஸ்டவுனே சாட்சி. 1607-இல் போட்ட மரக்கோட்டையை ஆறு அடித்துக்கொண்டு போய்விட்டது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். 1994-இல் வில்லியம் கெல்சோ தலைமையில் தோண்டத் தொடங்கியபோது மதில் கம்பங்கள் மக்கிய தடம் நிலத்திலேயே வரிசையாகக் கிடைத்தது.

இன்னொரு பிழையான படமும் பலர் மனத்தில் இருக்கிறது: முதலில் குடியேறிய ஆங்கிலேயர்கள் உருண்டை மரங்களை அடுக்கிய குடிசையில் வாழ்ந்தார்கள் என்பது. அந்தக் கட்டுமுறையை 1638 முதல் டெலவேர் ஆற்றோரம் குடியேறிய ஸ்வீடன், ஃபின்லாந்துக்காரர்கள் கொண்டுவந்தார்கள். ஆங்கிலேயர்கள் தம் ஊரில் பழகிய சட்டக வீட்டையே இங்கும் கட்டினார்கள். புரூக்ளினில் ஏறத்தாழ 1652-இல் தொடங்கிய வைக்காஃப் வீடு டச்சுக்காரர் பழக்கத்தைக் காட்டும். நியூயார்க் நகரம் 1965-இல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தபோது முதலில் அறிவித்த சின்னம் அந்தப் பண்ணை வீடுதான். ஸ்பானியர் தெற்கே கடற்சிப்பிகள் இறுகி உண்டான கொக்கினா என்ற கல்லை வெட்டி 1672 முதல் 1695 வரை செயின்ட் அகஸ்டின் கோட்டையைக் கட்டினார்கள். மென்மையான கல்தான், ஆனால் பீரங்கிக் குண்டு பட்டால் உடைந்து சிதறாமல் குண்டையே உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆங்கிலேயரின் 1702, 1740 முற்றுகைகளில் அந்தச் சுவர் விழவில்லை. கோட்டைக்கு வெளியே இருந்த ஊர் 1702-இல் எரிந்துபோனது. அதனால் அங்கே காட்டும் வீடுகள் எல்லாமே அதற்குப் பிந்தியவை.

இப்போது அந்த நிறுத்திய ஆண்டுக்கு வருகிறேன்.

பாஸ்டனின் வடமுனையில் பால் ரெவியர் வீட்டுக்கு எல்லோரும் போவார்கள். 1775 ஏப்ரல் 18 இரவு, ஆங்கிலப் படை புறப்படுகிறது என்று விடுதலைப் போராளிகளை எச்சரிக்க அவர் கிளம்பிய வீடு. கட்டியது 1680 வாக்கில், அவர் வாங்கியது 1770-இல், விற்றது 1800-இல். தெருவிலிருந்து பார்த்தால் இரண்டடுக்கு, மேல்மாடி முன்னே நீட்டியிருக்கும், சாய்சதுரக் கண்ணாடித் துண்டுகளை ஈயத்தில் கோத்த ஜன்னல்கள். அழகான வீடு, சந்தேகமில்லை. ஆனால் ரெவியர் வாழ்ந்தபோது தெருப்பக்கம் அந்த வீட்டுக்கு மூன்றாவது அடுக்கு இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுவில் உயர்த்தியிருந்தார்கள். 1908-இல் அருங்காட்சியகமாகத் திறப்பதற்குமுன் ஜோசப் எவரெட் சாண்ட்லர் என்ற கட்டடக் கலைஞர் அதைக் கழற்றி, வீட்டை 1700 வாக்கில் இருந்த தோற்றத்துக்குக் கொண்டுபோனார். சட்டகத்தின் பெரும்பகுதி உண்மையிலேயே பழையது. தோற்றம் மட்டும் ரெவியர் பிறப்பதற்கு முந்தையது.

அந்தத் திருத்தத்தில் போனது மூன்றாவது மாடி மட்டுமா? 1800-க்குப் பிறகு நூறு ஆண்டு அந்த வீடு வாடகைக் குடித்தனங்களாகவும் கடைகளாகவும் இருந்தது. மிட்டாய்க் கடை, சுருட்டுப் பட்டறை, ஒரு வங்கி, காய்கறிக் கடை. வடமுனைக்கு அயர்லாந்திலிருந்தும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்திறங்கிய குடும்பங்கள் வாழ்ந்த தெரு அது. சுவரில் அவர்கள் விட்ட தடம் ஒன்றுகூட இன்று இல்லை. சாண்ட்லர் நேர்மையான வேலைக்காரர், அவர் காலத்தில் மீட்டெடுப்பு என்றால் அதுதான் பொருள். ஆனாலும் அந்த வீட்டு முன்னால் நிற்கும்போது அந்த நூறு ஆண்டு இடைவெளி என் கண்ணில் படாமல் இருப்பதில்லை.

அதே சாண்ட்லர் கைவைத்த இன்னொரு வீடு மாசசூசெட்ஸின் சேலம் (Salem) என்ற ஊரில் இருக்கிறது. 1668-இல் கடல் வணிகர் ஜான் டர்னர் கட்டியது. எழுத்தாளர் நத்தானியேல் ஹாதார்ன் 1851-இல் ஏழு முகப்பு (கூரையின் முக்கோண முனை) கொண்ட வீட்டைப் பற்றிய நாவலை எழுதியதால் புகழ் பெற்றது. நாவல் வந்த காலத்தில் அந்த வீட்டில் ஏழு முகப்பு இல்லை, பல முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. 1908-இல் கரோலின் எமர்டன் வீட்டை வாங்கி முகப்புகளைத் திரும்பக் கட்டுவித்தார். கதையில் வரும் சிறு கடையையும் சேர்த்தார். கதை வீட்டைப் பார்க்கவே ஆட்கள் வருகிறார்கள் என்று அவருக்குத் தெரியும். அந்தக் கட்டணப் பணத்தில் அக்கம்பக்கத்துக் குடியேறிகளுக்குக் கல்வியும் உதவியும் நடத்தினார். ரெவியர் வீட்டில் குடியேறிகளின் தடம் அழிந்தது, இங்கே பழைய வீடு குடியேறிகளுக்குச் சோறு போட்டது. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்படி சொல்வேன்.

ஃபிலடெல்ஃபியாவின் சுதந்திர மண்டபம் வேறு விதம். பென்சில்வேனியா சட்டமன்றத்துக்காக 1732-இல் தொடங்கிய கட்டடம். 1776 பிரகடனமும் 1787 அரசியல் சட்டமும் அதே அறையில் உருவாயின. இவ்வளவு நடந்த பிறகும் 1816-இல் மாநில அரசு மனையைக் கூறுபோட்டு விற்கப் பார்த்தது. நகராட்சி 70,000 டாலர் கொடுத்து வாங்கியதால்தான் இன்று இருக்கிறது. எல்லோரும் படம் எடுக்கும் கோபுரம் 1828-இல் வில்லியம் ஸ்டிரிக்லண்ட் கட்டியது. முதல் மரக்கூம்பு உளுத்துப்போய் 1781-இல் இறக்கப்பட்டது. கூட்டம் நடந்த அறையில் உள்ள நாற்காலி மேசைகளும் பெரும்பாலும் அந்தக் காலத்தவையே தவிர அந்த அறைக்குரியவை அல்ல. வாஷிங்டன் 1787-இல் தலைமை தாங்கி உட்கார்ந்த நாற்காலி மட்டும் அசல், முதுகில் பாதிச் சூரியன் செதுக்கியிருக்கும். அந்த அறையில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான், அந்த நாற்காலியைப் பார்ப்பதில் செலவழியுங்கள்.

நிறுத்திய ஆண்டுக்கு மிகப் பெரிய எடுத்துக்காட்டு வர்ஜீனியாவின் வில்லியம்ஸ்பர்க். 1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகரம், பிறகு உறங்கிப்போன சிற்றூர். 1926-இல் குட்வின் என்ற பாதிரியார் எண்ணெய்ச் செல்வந்தர் ஜான் ராக்கஃபெல்லரின் மகனைச் சம்மதிக்க வைத்து, ஊரையே பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் திருப்பும் வேலையைத் தொடங்கினார். ஏறத்தாழ தொண்ணூறு கட்டடங்கள் அசலானவை, பழுதுபார்த்து நிறுத்தியவை. மற்றவை பழைய அடித்தளத்தின் மேல் புதிதாக எழுப்பியவை. இடையில் வந்த நூற்றுக்கணக்கான வீடுகளும் கடைகளும் இடிக்கப்பட்டன.

புதிதாக எழுப்பியதைக் கேலிசெய்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு முழுக்கச் சேரமாட்டேன். ஆளுநர் மாளிகையை எடுத்துக்கொள்ளுங்கள். மூலக்கட்டடம் 1781-இல் எரிந்து போனது. திரும்பக் கட்டியவர்களின் கையில் மூன்று சான்றுகள் இருந்தன. தோண்டியெடுத்த அடித்தளமும் நிலவறையும் முதலாவது. ஆளுநராக அங்கே வாழ்ந்த, பின்னாளில் ஜனாதிபதியான ஜெஃபர்சன் தம் கையால் அளந்து வரைந்த தரைப்படம் இரண்டாவது. ஆக்ஸ்ஃபர்டின் பாட்லியன் நூலகத்தில் 1929-இல் கண்டெடுத்த செப்புத்தகடு மூன்றாவது. வில்லியம்ஸ்பர்க்கின் முக்கியக் கட்டடங்களின் முகப்பை அதில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே செதுக்கி வைத்திருந்தார்கள். ஜன்னல் எத்தனை, கூரை எப்படி, புகைபோக்கி எங்கே என்பது அதில் இருந்தது. இவ்வளவு சான்றோடு எழுந்த கட்டடத்தைப் பொய் என்று தள்ளிவிட முடியாது. 1934-இல் திறந்தது என்பதை வாசலிலேயே சொல்லிவிட்டால் போதும்.

எனக்குக் குறையாகத் தெரிவது வேறு. எழுபதுகளின் கடைசிவரை அங்கே உலா வந்தவர்கள் பார்த்த ஊர் பெரும்பாலும் வெள்ளையருடையது. அந்தத் தலைநகரத்தில் ஏறத்தாழ பாதிப்பேர் கறுப்பின மக்கள், அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அடிமைகள். எந்த ஆண்டில் நிறுத்துவது என்று முடிவு செய்தவர்கள் யாரோடு நிறுத்துவது என்பதையும் சேர்த்தே முடிவு செய்துவிட்டார்கள். இது பின்னர் திருந்தியது, இன்னும் திருந்துகிறது. அண்மைக் காலத்தில் நடந்த ஒன்று என்னை மிகவும் நெகிழ வைத்தது. அங்குள்ள கல்லூரியின் ஓரத்தில் ஒரு சின்ன மரவீடு அலுவலகமாகப் புழங்கிக்கொண்டிருந்தது. அது 1760-இல் அடிமைக் குழந்தைகளுக்கும் சுதந்திரமான கறுப்புக் குழந்தைகளுக்கும் எழுத்தறிவு சொல்லித்தந்த பிரே பள்ளி நடந்த வீடாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தது. 2020-இல் மர வளையத்தைச் சோதித்தார்கள். மரம் வெட்டியது 1759–60 குளிர்காலம் என்று வந்தது. 2023-இல் வீட்டை அப்படியே வண்டியில் ஏற்றி, தெரு வழியாக வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகப் பகுதிக்குக் கொண்டுவந்தார்கள். ராக்கஃபெல்லர் பணத்தில் ஊர் முழுவதையும் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்த காலத்தில் அந்த வீடு கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தது.

தலைவர்களின் தோட்ட மாளிகைகளிலும் இதே கேள்விதான். வாஷிங்டனின் மவுண்ட் வெர்னான் 1734 வாக்கில் அவருடைய தந்தை காலத்தில் சிறிய வீடாகத் தொடங்கியது. அவர் இரண்டு முறை பெரிதாக்கினார். வெளிச்சுவர் பார்க்கக் கல்லாகத் தோன்றும், ஆனால் பைன் பலகை. ஓரங்களைச் சரித்துச் செதுக்கி, சாயம் ஈரமாக இருக்கும்போதே மணலை வீசி ஒட்டவைத்தார்கள். உள்ளே போனால் பளிச்சென்ற பச்சைச் சாப்பாட்டு அறை பலரைத் திகைக்க வைக்கிறது. அக்காலத்து வீடுகள் வெளிறிய நிறத்தவை என்று நெடுநாள் எண்ணியிருந்தார்கள். சாய அடுக்குகளை நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் பணக்காரர்கள் செம்புக் களிம்பிலிருந்து எடுத்த விலையுயர்ந்த பச்சையைப் பூசினார்கள் என்பது உறுதியானது.

அந்த மாளிகையைக் காப்பாற்றியது அரசாங்கம் இல்லை. 1853-இல் போடோமாக் ஆற்றில் கப்பலில் போன லூயிசா கனிங்கம் என்ற அம்மையார் வீடு இடிந்து நிற்பதைப் பார்த்து மகளுக்குக் கடிதம் எழுதினார். மகள் ஆன் பமீலா கனிங்கம், உடல்நலம் குன்றியவர், நாடு முழுவதும் பெண்களைத் திரட்டினார். 1858-இல் இரண்டு லட்சம் டாலருக்கு வீடும் 200 ஏக்கரும் வாங்க ஒப்பந்தமானது. வாக்குரிமைகூட இல்லாத பெண்கள் தொடங்கிய அந்தச் சங்கம்தான் இன்றும் அதை நடத்துகிறது. அமெரிக்காவில் பழைய வீட்டைப் பாதுகாக்கும் இயக்கமே அங்கிருந்துதான் பிறந்தது என்று சொல்லலாம்.

அவர்கள் வீட்டை நிறுத்திய ஆண்டு 1799, வாஷிங்டன் இறந்த ஆண்டு. அதே ஆண்டில் அங்கே அடிமைகளாக இருந்தவர்கள் 317 பேர், அவர் தம் கையால் எழுதி வைத்த பட்டியலில் பெயர் பெயராக இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கிய கட்டடம் 1835-இல் எரிந்தது, திரும்பக் கட்டியது 1951-இல். மாளிகை நின்று அவர்கள் குடியிருப்பு அழிந்தது இயல்பாக நடந்ததுபோலத் தோன்றும். எதைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தார்களோ அது நின்றது.

மான்டிசெல்லோ பற்றித் தனியாகவே எழுத வேண்டும், ஆனால் ஒன்றிரண்டு சொல்லிவிடுகிறேன். ஜெஃபர்சன் 1769 முதல் 1809 வரை கட்டி, இடித்து, மறுபடி கட்டிய வீடு. குவிமாடமும் சமச்சீரும் இத்தாலியக் கட்டடக் கலைஞர் பல்லாடியோவிடமிருந்து கற்றவை. உள்ளே மர வேலையில் கண் நின்றால், அதில் ஒரு பகுதி ஜான் ஹெமிங்ஸ் என்ற அடிமைத் தச்சருடையது என்பதை நினைவில் வையுங்கள். மாளிகைக்குக் கீழே மல்பெரி வரிசை என்ற பாதையில் பட்டறைகளும் குடிசைகளும் இருந்தன. 1794 முதல் அங்கே பத்து முதல் பதினாறு வயதுச் சிறுவர்கள் இரும்பு ஆணி அடித்தார்கள். வாழ்நாளில் அவர் அறுநூறுக்கு மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக வைத்திருந்தார். 2015-இல் ஹெமிங்ஸ் குடும்பத்தார் வாழ்ந்த வகைக் குடிசை ஒன்றை அதே இடத்தில் கட்டினார்கள். மாளிகையைச் சுற்றியபின் அந்த ஒற்றை அறைக்குள் போய் நிற்காமல் திரும்ப வேண்டாம்.

1826-இல் ஜெஃபர்சன் கடனோடு இறந்தார், வீடு கைமாறியது. 1834-இல் அதை வாங்கி விழாமல் தடுத்தவர் யூரையா லீவி என்ற யூதக் கடற்படை அதிகாரி. அவர் குடும்பம் 1923 வரை, ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டு, ஜெஃபர்சனைவிட நீண்ட காலம் வைத்திருந்தது. அவருடைய தாயார் கல்லறை மல்பெரி வரிசையிலேயே இருக்கிறது. வீட்டை 1809-இல் நிறுத்தியவர்கள் லீவிகளைப் பல பத்தாண்டுகள் வாய் திறந்து சொல்லவே இல்லை. இப்போது சொல்கிறார்கள்.

நிறுத்தவே மறுத்த வீடுகளும் உண்டு, என் நெஞ்சுக்கு மிக அருகில் இருப்பவை அவைதான். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனுக்கு வெளியே டிரேட்டன் ஹால், 1738-இல் தொடங்கிய இரண்டடுக்கு வாயில் மண்டபத்தோடு நிற்கும் செங்கல் மாளிகை. ஏழு தலைமுறை ஒரே குடும்பம். 1974-இல் தேசியப் பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கைமாறியபோது, எந்த ஆண்டுக்கும் திருப்ப வேண்டாம், இருப்பதை இருக்கிறபடி காப்போம் என்று முடிவெடுத்தார்கள். உள்ளே மேசை நாற்காலி இல்லை, மின்விளக்கு இல்லை, குழாய் இல்லை. வெறும் அறைகள், உரிந்த சாயம், செதுக்கிய மரம். பலருக்கு ஏமாற்றமாக இருக்கும். கட்டடத்தை விரும்புகிறவர்களுக்கு நாட்டிலேயே இதற்கு இணை குறைவு. உழைத்தவர்களின் இடுகாடும் அதே வளாகத்தில் இருக்கிறது.

ஃபிலடெல்ஃபியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் வீட்டை 1812-இலேயே இடித்துவிட்டார்கள். 1976-இல் வந்த பிரகடனத்தின் இருநூறாம் ஆண்டு விழாவுக்காக அதைத் திரும்பக் கட்டலாமா என்ற பேச்சு வந்தபோது, போதுமான சான்று இல்லை என்று கட்டடக் கலைஞர்கள் வென்டூரியும் அவருடைய கூட்டாளிகளும் மறுத்தார்கள். வீடு இருந்த இடத்தில் எஃகுச் சட்டத்தால் கூரையின் வெளிவடிவத்தை மட்டும் வானத்தில் வரைந்ததுபோல் நிறுத்தினார்கள். கீழே கண்ணாடி வழியாக அசல் அடித்தளம் தெரியும். தெரிந்ததைக் காட்டி, தெரியாததை வெறுமையாகவே விட்ட அந்த நேர்மைக்கு நான் தலைவணங்குகிறேன்.

தாவோஸ் புவெப்லோவை மறுபடி சொல்ல வேண்டும். அங்கே இன்றும் மக்கள் இருக்கிறார்கள். மண் சுவர் மழையில் கரையும், ஆண்டுதோறும் மறுபடி பூசுவார்கள். பழைய ஊருக்குள் மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் வேண்டாம் என்பது அவர்கள் எடுத்த முடிவு. அந்தச் சுவரில் அசல் எது, புதிது எது என்று பிரிக்க முயல்வது வீண். சடங்குக் காலங்களில் வெளியாருக்கு மூடிவிடுவார்கள், அதை மதிக்க வேண்டும்.

வெள்ளை மாளிகையைப் பலர் கேட்பார்கள். 1792-இல் கடைக்கால் போட்டது, 1814-இல் ஆங்கிலேயர் எரித்தது. 1948 முதல் 1952 வரை ஜனாதிபதி ட்ரூமன் காலத்தில் உள்ளே எல்லாவற்றையும் எடுத்துவிட்டு எஃகுச் சட்டகம் வைத்தார்கள். பழையதாக இருப்பது வெளிச்சுவர்.

எங்கே போவது என்பதற்கு என் பரிந்துரை இதோ. பாஸ்டனைத் தளமாக வைத்துக்கொண்டால் டெடமும் சேலமும் பக்கம். நகருக்குள் 1713-இல் கட்டிய பழைய அரசு மாளிகையைத் தவறவிட வேண்டாம், இப்போது அதன் அடியில் சுரங்க ரயில் நிலையம் இயங்குகிறது. 1881-இல் அதை இடிக்கும் பேச்சு எழுந்தபோது, கழற்றிக்கொண்டுபோய்த் தங்கள் ஊரில் வைத்துக்கொள்கிறோம் என்று சிகாகோக்காரர்கள் கேட்டார்கள், அந்த அவமானத்தில்தான் பாஸ்டன் விழித்தது. அதற்கு முன் 1863-இல், பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் ஹான்காக்கின் கல்வீட்டை இடிக்க விட்டு வருந்திய ஊர் அது. பக்கத்தில் மெட்ஃபர்டில் ராயல் (Royall) என்ற பெயர்கொண்ட குடும்பத்தின் மாளிகைக்குக் கட்டாயம் போங்கள். வட மாநிலங்களில் தனிக் கட்டடமாக எஞ்சியிருக்கும் ஒரே அடிமைக் குடியிருப்பு அங்கேதான் இருக்கிறது. அடிமைமுறை தெற்கின் சமாசாரம் என்ற எண்ணம் அந்த முற்றத்தில் கலைந்துவிடும்.

நான்கைந்து நாள் இருந்தால் ஃபிலடெல்ஃபியாவைச் சேருங்கள். ஃபிராங்க்ளின் முற்றமும் சுதந்திர மண்டபமும் நடை தூரம். எல்ஃப்ரெத்ஸ் சந்தில் 1728 முதல் 1836 வரை கட்டிய 32 சிறு வீடுகளில் கைவினைஞர்கள் வாழ்ந்தார்கள், இன்றும் அவற்றில் குடும்பங்கள் இருக்கின்றன. மாளிகைகளைப் பார்த்த கண்ணுக்கு அந்தச் சந்து அவசியம். ஒரு வாரம் என்றால் வர்ஜீனியா, தெற்கே சார்ல்ஸ்டன். ஃபேர்பேங்க்ஸ் போன்ற சிறிய வீடுகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும், மே முதல் அக்டோபர் வரை பார்த்துக்கொள்வது நல்லது. சுதந்திர மண்டபத்துக்கு நுழைவுச் சீட்டை முன்கூட்டியே பதிவு செய்துவிடுங்கள். எந்த வீட்டில் நுழைந்தாலும் வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எந்த ஆண்டின் தோற்றம், அந்த ஆண்டில் இங்கே தூங்கியவர்கள் மொத்தம் எத்தனை பேர். நல்ல வழிகாட்டி இரண்டுக்கும் முகம் மலர்ந்து பதில் சொல்வார்.